மாமன் சொல்லுத பென்சன் கணக்கு

ஏலே மருமவனே, நேத்து டீக்கடையில வச்சு நாலு பேருக்கு வரிப் பாடம் நடத்துனியாமே? "என் பென்சனுக்கு அமெரிக்காவுலயே வரி புடிச்சுட்டான், இங்ஙன ஒத்தப் பைசா கட்ட வேண்டாம்"னு அடிச்சுச் சொன்னியாம். கேட்டுக்கிட்டிருந்த நாலு பேருல ரெண்டு பேரு முதியோர் உதவித்தொகை வாங்குதவங்க. சோப்பு வாங்கும்போது போடுத ஜி.எஸ்.டி.யைத் தவிர வேற வரியை அவங்க கண்ணால கண்டதில்ல. அவங்க தலையாட்டுனதை வச்சு உனக்குச் சட்டம் தெரியும்னு முடிவு கட்டிராதே. நான் சார்நிலைக் கருவூலத்துல உக்காந்து பென்சன் பில்லு பாத்தே கண்ணாடி போட்டவன். பொய் சொல்லுத பென்சன்காரனையும் பாத்திருக்கேன், வெவரம் தெரியாத பென்சன்காரனையும் பாத்திருக்கேன். நீ ரெண்டாவது. அதனால உன்மேல கோவம் வரல, சிரிப்புத்தான் வருது.

நீ சொன்னது முழுப் பொய்யும் இல்ல. அதுதான் வில்லங்கமே. பாதி சரி.

1989 செப்டம்பர்ல இந்தியாவும் அமெரிக்காவும் டெல்லியில உக்காந்து ஒரு ஒப்பந்தம் எழுதிக்கிட்டாங்க. ஒரே வருமானத்துக்கு ரெண்டு சர்க்காரும் வரி வாங்கி ஆளைக் கொல்லப்படாதுன்னு பேச்சு. பேத்திகிட்ட சொல்லி அதை அச்செடுத்து வாங்கி, மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு வாசிச்சேன். எழுதுனவன் லேசுப்பட்டவன் இல்ல. பென்சன்னு நாம ஒரே பேருல கூப்புடுததை அவன் மூணா வகுந்து வச்சிருக்கான். கம்பெனிக்காரன் குடுத்தா ஒரு சட்டம். சர்க்கார் ஊருக்கெல்லாம் பொதுவாக் குடுத்தா ஒரு சட்டம். நீ சர்க்காருக்கே வேலை பாத்து, அதுக்காக சர்க்கார் குடுத்தா இன்னொரு சட்டம். உன் பேங்குல மூணும் டாலராத்தான் வந்து விழும். டாலரைப் பாத்து எது எந்த வகைன்னு சொல்ல முடியாது. யாரு குடுத்தான், எந்த வேலைக்குக் குடுத்தான்னு நூல் புடிச்சுப் போவணும்.

உன் சோசியல் செக்யூரிட்டி, அதான் அமெரிக்க சர்க்கார் பொதுவாக் குடுக்குத பென்சன், ரெண்டாவது வகை. அதுக்கு வரி போடுத உரிமை குடுக்குத நாட்டுக்கு மட்டுந்தான். நீ இங்ஙன காலை நீட்டிப் படுத்துக் கெடந்தாலும் இந்தியா அதுல கை வைக்காது. டீக்கடையில நீ சொன்னதுல சரியான பாதி இதுதான்.

மத்தப் பாதிக்கு வா. கம்பெனி மாசாமாசம் குடுக்குத பென்சன், அந்த 401-கே ஓய்வுக் கணக்கு, இதெல்லாம் முதல் வகை. ஆளு எந்த நாட்டுல குடியிருக்கானோ அந்த நாட்டுக்குத்தான் அதுல உரிமை. நீ சாமான் செட்டோட இங்ஙன குடிவந்துட்டே. அப்ப இந்தியா கேக்கும்லா? அதோட கதை முடியல. நீ அமெரிக்கக் குடிமகன். உலகத்துல எந்த மூலையில இருந்தாலும் தன் குடிமகன்கிட்ட வரி கேக்குதவன் அமெரிக்காக்காரன். ஒப்பந்தத்துல பின்னாடி என்ன விட்டுக்குடுத்தாலும் என் குடிமக்களை விடமாட்டேன்னு முதல் ஷரத்துலயே எழுதி வச்சிருக்கான். அதனால அந்தத் துட்டுக்கு ரெண்டு பேருமே கேப்பான். ஒரு பக்கம் கட்டுனதைக் காட்டி இன்னொரு பக்கம் கழிச்சுக்கிடணும். காட்டணும்னா தாளு வேணும். வாய்ல சொன்னா எந்த நாட்டு ஆபீசரும் கழிக்க மாட்டான்.

ஏன் மூஞ்சி சுருங்குது? இன்னும் இருக்கு. உங்கப்பன் விட்டுட்டுப் போன தென்னந்தோப்பு. தேங்கா வித்த துட்டுக்கு நம்ம நாட்டுல வருமானவரி கிடையாது. ஆனா நீ அந்தத் தேங்காய்க் கணக்கை வாசிங்டனுக்கு எழுதி அனுப்பணும். அவன் சட்டத்துல விவசாயம்னு தனிச் சலுகை உனக்கு ஒண்ணும் இல்ல. எந்த மரம் எத்தனை காய் காய்ச்சுதுன்னு அவன் கேக்க மாட்டான், எத்தனை டாலருன்னு கேப்பான். அமெரிக்காவுக்கு வெளியில உனக்கு இருக்க பேங்க் கணக்கெல்லாம் சேத்து வருசத்துல ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டுச்சுன்னா அதுக்குத் தனியா ஒரு தாக்கல். உங்கம்மை பேரோட கூட்டா வச்சிருக்கியே கூட்டுறவு சங்க டெபாசிட்டு, அதுவும் கணக்குல சேரும். உங்கம்மைக்குச் சொல்லிராதே. மவனைப் போலீசு புடிச்சுட்டுப் போவும்னு நெனைச்சு சாமிக்கு நேந்துக்கிடுவா.

இப்ப உன் பொண்டாட்டி தம்பி கதைக்கு வருதேன். அதுதான் எனக்குப் புடிச்ச கதை.

நீயும் அவனும் ஒரே காலத்துல போனீங்க. நீ அங்ஙன கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணிக் குடிமகன் ஆயிட்டே. இந்தியா ரெட்டைக் குடியுரிமை குடுக்கிறதில்ல. அதனால நம்ம பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டு ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கிட்டே. அவன் மாட்டேன்னுட்டான். "செத்தாலும் இந்தியனாத்தான் சாவேன்"னு கல்யாண வீடு கல்யாண வீடாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். கடைசியில கிரீன் கார்டையும் முறையா எழுதிக் குடுத்துட்டு ஊருக்கு வந்துட்டான். எனக்கே பெருமையாத்தான் இருந்துச்சு, பென்சன் வாரது வரைக்கும்.

ரெண்டு பேருக்கும் மாசம் 2,000 டாலர் சோசியல் செக்யூரிட்டின்னு வச்சுக்க. உனக்கு எப்படி? வாங்குததுல பாதியையும் உன் மத்த வருமானத்தையும் கூட்டிப் பாப்பான். தனி ஆளா இருந்து 25,000 டாலருக்குள்ள இருந்தா ஒண்ணுமில்ல. புருசன் பொண்டாட்டி சேந்து கணக்குக் குடுத்தா 32,000. 1984-லேர்ந்து அந்த வரம்பு அப்படியே கெடக்கு, விலைவாசியைப் பாத்து ஏத்தணும்னு எவனுக்கும் தோணல. வரம்பைத் தாண்டினா, வாங்குததுல 85 சதவீதம் வரைக்கும் கணக்குல சேத்து, வருமானத்துக்குத் தக்கபடி வரி. தாண்டலைன்னா நீ 2,000-த்தையும் முழுசா மடியில முடிஞ்சுக்கிடலாம்.

அவனுக்கு அப்படி இல்ல. அவன் அமெரிக்காவுக்கு இப்ப அந்நியன், வெளியூர்க்காரன். வரம்பும் கிடையாது, குடும்பமும் கிடையாது, எத்தனை புள்ளைன்னு ஒரு கேள்வியும் கிடையாது. வாங்குததுல 85 சதவீதத்துக்கு 30 சதவீதம். கூட்டிக் கழிச்சா 100-க்கு 25.50. அங்ஙனயே வெட்டிட்டுத்தான் அனுப்புவான். 2,000-த்துல 510 போயிரும், 1,490 கைக்கு வரும். ஜெர்மனியிலயோ ஜப்பான்லயோ போயி உக்காந்திருந்தான்னா அந்த வெட்டே விழுந்திருக்காது. அந்த நாட்டுக்காரங்க ஒப்பந்தம் எழுதும்போது அதைக் கேட்டு வாங்கிட்டாங்க. நம்மாளுங்க வாங்கல. இந்தியா இவன்கிட்ட ஒண்ணும் கேக்காதுங்கிறது வாஸ்தவம். கேக்காத நாட்டுல வந்து உக்காந்துதான் வருசத்துக்கு 6,120 டாலரை விடுதான். பாஸ்போர்ட்டைக் கைகழுவுன நீ சிரிக்கே, நெஞ்சோட அணைச்சு வச்சிருந்தவன் அழுதான். இதைச் சொன்னா உன் பொண்டாட்டிக்கு என்மேல கோவம் வருது, ஒப்பந்தம் எழுதுனவன்மேல வரல.

இரு, இன்னும் முடியல. இவனே சாப்ட்வேர் கம்பெனிக்குப் போவாம, அங்ஙன ஒரு மாநிலத்து நெடுஞ்சாலைத் துறையில எஞ்சினியரா இருந்திருந்தான்னு வையி. அது மூணாவது வகைப் பென்சன். சர்க்கார் வேலைக்குச் சர்க்கார் குடுக்கது. அதுக்குக் குடுக்குத நாடுதான் வரி போடலாம்ங்கிறது பொதுச் சட்டம். ஆனா கீழ ஒரு உட்பிரிவு இருக்கு. வாங்குதவன் இந்தியாவுல குடியிருந்து, இந்தியக் குடிமகனாவும் இருந்தா, வரி இந்தியாவுக்கு மட்டும். ரெண்டும் சேந்து இருக்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் செல்லாது. அப்ப அவன் பாஸ்போர்ட்டுக்கு மதிப்பு வந்திருக்கும், அமெரிக்காவோட வெட்டு அதுல விழுந்திருக்காது. அதே துறையில நீ இருந்திருந்தா, குடியிருப்பு இங்ஙன, குடியுரிமை அங்ஙன. பொதுச் சட்டத்துக்கே திரும்பிப் போயிருவே, வரி அமெரிக்காவுக்கு மட்டும். ஒரே ஆபீசு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஒரே சம்பளம், ஒரே தெருவுல ஓய்வு. ஒருத்தன் வரி டெல்லிக்குப் போவுது, இன்னொருத்தன் வரி வாசிங்டனுக்குப் போவுது. அட்டை நிறத்தைப் பாத்துக் கண்டுபுடிக்கலாம்னா அதுவும் இல்ல. இந்தியப் பாஸ்போர்ட்டும் நீலம், அமெரிக்காவுதும் நீலம், பிரிட்டிஷ்காரனும் 2020-ல நீலத்துக்கு மாறிட்டான்.

பிரிட்டிஷ்காரன்னதும் வடக்குத் தெரு லண்டன் அண்ணாச்சி ஞாபகம் வந்துட்டாரு. அவரு கதை வேற தினுசு. அங்ஙன கவுன்சில்ல, அதான் நம்ம நகராட்சி கணக்கா, குமாஸ்தா வேலை. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிட்டாரு. அவருக்கு ரெண்டு பென்சன். கவுன்சில்ல உழைச்சதுக்கு ஒண்ணு, வயசானவங்க எல்லாருக்கும் குடுக்குத ஸ்டேட் பென்சன் ஒண்ணு. ரெண்டும் அந்த நாட்டுத் துட்டுதான். இந்தியாவும் பிரிட்டனும் 1993-ல போட்ட ஒப்பந்தப்படி, கவுன்சில் பென்சன் சர்க்கார் வேலை வகை. அவரு இந்தியக் குடிமகன் இல்லாததால வரி பிரிட்டனுக்கு மட்டும். ஸ்டேட் பென்சன் வேலைக்குக் குடுக்கிறது இல்லையே, சந்தா கட்டுனதுக்குக் குடுக்கது. அதனால குடியிருக்க இந்தியாவுக்கு மட்டும். அமெரிக்காக்காரன் ஒப்பந்தத்துல பொதுப் பென்சன் குடுக்குதவனுக்கு, பிரிட்டன் ஒப்பந்தத்துல குடியிருக்க நாட்டுக்கு. "அமெரிக்கா மச்சானுக்கு இந்தியா கேக்காதாம், எனக்கு மட்டும் ஏன் கேக்கு?"ன்னு அண்ணாச்சி எங்கிட்ட சண்டைக்கு வந்தாரு. நானா எழுதுனேன்?

அவருக்கு வரியை விடப் பெரிய அடி வேற எடத்துல. 2016 ஏப்ரல்ல அந்தப் புது ஸ்டேட் பென்சன் ஆரம்பிச்சப்ப முழுத்தொகை வாரத்துக்கு 155.65 பவுண்டு. அந்த வருசமே வாங்க ஆரம்பிச்சு, பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துட்டாரு. அங்ஙனயே இருந்தவங்களுக்கு 2025-26-ல அது 230.25 ஆச்சு. இவருக்கு இன்னைக்கும் 155.65 தான். இந்தியாவுல குடியிருந்தா வருசாந்திர உயர்வு கிடையாது. இலங்கைக்குப் போனாலும் கிடையாது, கனடா ஆஸ்திரேலியாவுக்குப் போனாலும் கிடையாது. லண்டன்ல இருந்து யாழ்ப்பாணம் திரும்பி வீடு கட்டிக் குடியேறுதவங்களுக்கும் இதே கதிதான். மொரீசியசுக்குப் போனா ஏறும், பிலிப்பைன்சுக்குப் போனாலும் ஏறும். என்ன கணக்குன்னா, சில நாட்டோட அவங்களுக்குத் தனி உடன்படிக்கை இருக்கு, நம்மளோட இல்ல. மணிலாவுல உக்காந்து வாங்குனா ஏறும், மதுரையில உக்காந்து வாங்குனா ஏறாது. கவுன்சில் பென்சன் மட்டும் எங்க இருந்தாலும் ஏறும். ஒருவகையில அவருக்கு ஒரு ஆறுதல் உண்டு. ஏறாத பென்சனுக்கு வரியும் ஏறாது. வருசத்துக்கு 8,000 பவுண்டு சொச்சம். அதை மட்டும் வச்சுப் பாத்தா, நம்ம புது வரி முறையில 12 லட்சம் வரைக்கும் வரி இல்லைங்கிற வரம்புக்குள்ளயே அடங்கிரும். இதைச் சொன்னா அவருக்குச் சந்தோசம் வரும்னு நெனைச்சேன். வரல.

சரி, நீ வந்து வருசம் ஒண்ணு கூட ஆவலயே, உனக்கு ஒரு நல்ல சேதி. பல வருசம் வெளிநாட்டுல இருந்துட்டு வாரவனை நம்ம வருமானவரிச் சட்டம் உடனே கழுத்தைப் புடிக்கிறதில்ல. புது மாப்பிள்ளைக்கு மறுவீட்டு விருந்து வைக்கது கணக்கா, கொஞ்ச காலம் "குடியிருக்கான், ஆனா சாதாரணமாக் குடியிருக்கல"ன்னு ஒரு அந்தஸ்து குடுத்து வச்சிருக்கு. முந்துன 10 வருசத்துல 9 வருசம் வெளியூர்க்காரனா இருந்தா, இல்லாட்டி முந்துன 7 வருசத்துல இந்தியாவுல இருந்தது 729 நாளைத் தாண்டாம இருந்தா அந்த விருந்து உண்டு. ரெண்டு வருசம் ஓடும், தேதி பாத்து விமானம் ஏறியிருந்தா மூணு வருசம். அதுவரைக்கும் வெளிநாட்டு வருமானத்தை இந்தியா கண்டுக்கிடாது, 401-கே உட்பட.

ஆனா விருந்துக்கும் ஒரு விதி உண்டு. துட்டு முதல் முதல்ல எந்த ஊருல கைக்கு வருதுன்னு பாப்பான். பென்சனை நேரா நம்மூர் பேங்குல போடச் சொன்னா, அது இந்தியாவுலயே வாங்குன வருமானம் ஆயிருது. எந்த அந்தஸ்துல இருந்தாலும் வரி உண்டு. அங்ஙன உன் பேங்குல இறங்கி, பெறவு நீ வேணுங்கிறப்ப வேணுங்கிற அளவு இங்ஙன அனுப்புனா, அது நீ வாங்குன துட்டை நீயே நகத்துதது. அதுக்கு இல்ல. லண்டன் அண்ணாச்சி இதைத்தான் கோட்டை விட்டாரு. வந்த மாசமே ஸ்டேட் பென்சனை பஜார் பேங்குக்கு நேரா வரவழைச்சாரு. மேனேசரு சால்வை போர்த்துனாரு, அதை ஊரெல்லாம் காட்டுனாரு. சால்வை எத்தனை ரூவான்னு அவரு இன்னும் கணக்குப் பாக்கல.

விருந்து முடிஞ்ச வருசத்துலேர்ந்து நீ முழுக்க நம்மூர்க்காரன். அப்ப ரிட்டன் போடும்போது வெளிநாட்டுல இருக்க பேங்க் கணக்கு, 401-கே, அங்ஙன இருக்க வீடு எல்லாத்தையும் தனியா ஒரு பட்டியல்ல எழுதணும். வரி உண்டா இல்லையாங்கிறது வேற பேச்சு, எழுதணும். எழுதாம விட்டா 2015-ல வந்த கறுப்புப்பணச் சட்டத்துல 10 லட்ச ரூவா அபராதம். 2024 அக்டோபர்லேர்ந்து, வீடு நிலம் நீங்கலா மத்ததெல்லாம் சேத்து 20 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த அபராதம் இல்லைன்னு தளத்தியிருக்காங்க. உன் 401-கே அதுக்குள்ள அடங்கும்னு நீ சொன்னா நான் நம்புதேன், வருமானவரிக்காரன் நம்ப மாட்டான். அந்தக் கணக்குல துட்டு வளருத வருசமே வரியா, வெளிய எடுக்குத வருசம் வரியாங்கிற சண்டையை 2021-லயே தீத்து வச்சிட்டாங்க. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஓய்வுக் கணக்குன்னா, எடுக்குத வருசம் கட்டுதேன்னு நீ முன்கூட்டியே எழுதிக் குடுக்கலாம். குடுக்காட்டி ரெண்டு நாட்டுக் கணக்கும் வேற வேற வருசத்துல விழும், ஒண்ணைக் காட்டி ஒண்ணைக் கழிக்க முடியாம முழிப்பே. அதுலயும் அமெரிக்காக்காரனுக்கு வருசம் டிசம்பர்ல முடியுது, நமக்கு மார்ச்சுல, பிரிட்டிஷ்காரனுக்கு ஏப்ரல் 5-ல. ஏப்ரல் 5! எந்தப் பஞ்சாங்கத்தைப் பாத்துக் குறிச்சானோ.

இங்ஙனேர்ந்து அங்ஙன போனவங்களையும் மறந்துராதே. நம்ம ஹெட்மாஸ்டர் அத்தான் நியூ செர்சியில மவன் வீட்டுல இருக்காரே. அரசுப் பள்ளிக்கூடத்துப் பென்சன், அதுவும் மூணாவது வகை. பேரனைப் பாக்க விசிட்டரா வந்து போயிக்கிட்டு இருந்த வரைக்கும் வரி இந்தியாவுக்கு மட்டும். மவன் ஆசைப்பட்டு கிரீன் கார்டு வாங்கிக் குடுத்தான் பாரு, அன்னைக்கே அமெரிக்காவும் அந்தப் பென்சனைக் கேக்கலாம்னு ஆயிட்டு. இந்தச் சலுகை குடியேறி வந்தவனுக்கு இல்லைன்னு அவன் தெளிவா எழுதி வச்சிருக்கான். இங்ஙன கட்டுனதை அங்ஙன கழிச்சுக்கிடலாம், ஆனா கணக்குக் காட்டணும். நாளைக்கே அவரு குடிமகனும் ஆயிட்டாருன்னா, குடியிருப்பும் குடியுரிமையும் சேந்துரும். இந்தியா வெலகிக்கிடும், வரி அமெரிக்காவுக்கு மட்டும். எங்க கருவூலத்துல போயி இதைச் சொன்னா, இப்ப இருக்க புள்ளைங்க அவரை உக்கார வச்சுத் தண்ணி குடுத்து அனுப்பிருவாங்க. அத்தாச்சிக்கு மட்டும் ஒரு நல்லது நடந்துச்சு. அவங்களும் இங்ஙன டீச்சரா இருந்து பென்சன் வாங்கிட்டு, பெறவு அங்ஙன போயி கடையில வேலை பாத்தவங்க. வேற பென்சன் இருக்குன்னு சொல்லி சோசியல் செக்யூரிட்டியில கொறைச்சுக்கிட்டே வந்தான். 2025 சனவரியில அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாங்க.

குவைத்துக்குப் போன நம்ம தம்பிக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்ல. அங்ஙன சம்பளத்துக்கு வரியும் இல்ல, நம்மாளுக்கு மாசப் பென்சனும் இல்ல. வேலை முடிஞ்ச அன்னைக்குக் குடுத்த துட்டுல வீடு கட்டுனான், வீட்டுக்கு அல்மதினான்னு பேரு வச்சான், முடிஞ்சுது.

உனக்கு வருசா வருசமோ ஒரு வருசம் விட்டோ ஒரு கேள்வித்தாளு வரும், உசுரோட இருக்கியா, எங்க இருக்கேன்னு. அதைப் பாத்துச் சிரிச்சுட்டுப் பரண்ல போட்டுராதே. பதில் போவலைன்னா பென்சன் நின்னுரும். நான் எத்தனை செத்துப்போன பென்சன்காரங்களைக் கருவூலத்துல நேருல பாத்துப் பேசியிருக்கேன் தெரியுமா? தாளு வரலைன்னா ஆளு இல்ல, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை டவுனுக்கு ஆடிட்டர்கிட்ட போவோம். பாஸ்போர்ட்டுல முத்திரை குத்துன பக்கமெல்லாம் நகல் எடுத்து வையி, நாள் கணக்கு அதை வச்சுத்தான். அமெரிக்காவுல கடைசியாப் போட்ட ரிட்டன், சோசியல் செக்யூரிட்டிக்காரன் சனவரியில அனுப்புத 1099 தாளு, 401-கே தாளு, தோப்புக் கணக்கு நோட்டு, எல்லாம் ஒரு பையில. அங்ஙன நீ வாயைத் தொறக்காதே. டாலர்ங்கிற வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துச்சுன்னா அவன் பீசு ரெண்டு மடங்கு ஆயிரும். சாரத்தைக் கட்டிக்கிட்டு, அந்தக் கைக்கடிகாரத்தைக் கழத்தி வச்சுட்டு வா. பேசுததை மாமன் பேசிக்கிடுதேன். ஆட்டோக்காரனுக்கு மட்டும் நீ குடுத்துரு.